கால் மணிக்கு ஒரு குரல்

— இல்ல அண்ணி, அண்ணன் இப்பத்தான் ரேடியோவுல பேசினார். நீங்க போனை வச்சுட்டு ஆஸ்பத்திரி வேலையைப் பாருங்க.

— இப்பன்னா எப்ப?

— இப்ப... கொஞ்சம் முன்னாடி.

— தம்பி, வெள்ளத்துல சிக்கினவங்களுக்கு உதவப் போற விமானம் கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிடணும். உங்க விமானக் குழுவே போட்ட சட்டம்தானே? கடைசியா எப்பக் கூப்பிட்டார்? நோட்டைப் பார்த்துச் சொல்லு.

— ...பத்தே கால்.

— இப்ப மணி பதினொன்னு.

— மலைக்கு அந்தப் பக்கம் போயிருப்பார். அங்க சிக்னல் எடுக்காது. போன தடவையும் நம்மளைக் கதற விட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே வந்து இறங்கலையா?

— அன்னைக்கு இருபது நிமிஷம்தான். இன்னைக்கு முக்கால் மணி நேரம்.

— டாக்டரம்மா நிமிஷம் தவறாம எண்ணிட்டு இருக்கீங்க...

— கிண்டல் பண்ணாத. ஊசி போட முடியாம நர்ஸ்கிட்டக் கொடுத்துட்டு வெளிய வந்து நிக்கிறேன்.

— எனக்கும் பயமா இருக்கு அண்ணி... அதான் வாய்க்கு வந்ததைப் பேசுறேன்.

— தேடிப் போக யாராவது...

— அடுத்த ஊர் குழுவுல ரெண்டு விமானம் தயாரா நிக்குது. மேகம் கொஞ்சம் விலகணுமாம்.

— அங்க என்ன பிள்ளைங்க சத்தம்?

— சனிக்கிழமை இல்லையா... விமானம் எப்படிப் பறக்குதுன்னு க்ளாஸ்.

— யார் எடுக்கிறா? வாத்தியார்தான் ரெண்டாவது பைலட்டா இவர்கூடப் போயிருக்காரே.

— அவங்களே... ஏதோ படம் வரைஞ்சுட்டு இருக்காங்க.

— வாத்தியார் பக்கத்துல இருக்கார்னுதான் உயிரைக் கையில பிடிச்சுட்டு நிக்கிறேன்.

— ஏன் அப்படிச் சொல்றீங்க? அண்ணன் ஓட்டாத விமானமா?

— யார்கிட்டயும் சொல்லாத... போன வாரம் ரெண்டு தடவை மயங்கி விழுந்தார். ஒரு மாசம் பறக்கக் கூடாதுன்னு நான் எழுதியிருக்கணும். கூரை மேல ஜனங்க நிக்கிறாங்கன்னு கெஞ்சினார். உடம்பு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

— அண்ணி...

— மறுபடி மயக்கம் வந்தாலும் வாத்தியார் பத்திரமா இறக்கிடுவார். இல்ல?

— வாத்தியார் இங்கதான் இருக்கார், அண்ணி. பிள்ளைங்க பயந்துடக் கூடாதுன்னு க்ளாஸ் எடுத்துட்டு இருக்கார். ரெண்டு பேர் இல்லாம கிளம்பக் கூடாதுதான்... கூரை மேல இருக்கறவங்களுக்குத் தண்ணி பத்தாதேன்னு நான்தான் அவரை இறங்கச் சொன்னேன். அவர் சீட்ல தண்ணி கேனைக் கட்டி அனுப்பிட்டோம்.