ஓவைன் சாகாத கூத்து

– நிப்பாட்டுங்கோ லியோன் அண்ணை! உந்த ஒப்பாரி ஆருக்கு?

– ஆருக்கெண்டால்? ஓவைன் இளவரசனுக்குத்தான். கடைசிக் காட்சியிலை மனிசன் சாகவேணுமெல்லே, யோசப்பின்.

– நான் எழுதின கொப்பியிலை அவன் சாகேல்லை.

– எடி பிள்ளை, நாப்பது வருசமாய் அண்ணாவியாய் நிண்டு கூத்துப் பழக்கிறன். ஒப்பாரி இல்லாட்டிக் குருநகர்ச் சனத்துக்கு அது கூத்தே இல்லை. பெண்டுகள் அழுறதுக்கெண்டே லேஞ்சியோடை வருவினம்.

– லேஞ்சியாலை வேர்வையைத் துடைக்கட்டும். ஓவைன் வேல்ஸ் நாட்டுக்காரன். இங்கிலாந்து ராசாவோடை பத்துப் பன்ரண்டு வருசம் மல்லுக்கட்டினவன். கோட்டையள் போச்சு. பெண்சாதி பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். அவனை மட்டும் ஒருத்தனாலையும் பிடிக்கேலாமல் போச்சு. கல்லறை எங்கையெண்டு இண்டைக்கும் தெரியாது.

– அறுநூறு வருசமாச்சு! செத்திருப்பான்தானே!

– ஆர் கண்டது? நீங்கள் கண்டனீங்களோ?

– உது நல்ல ஞாயம்! சாகவும் இல்லை, வெல்லவும் இல்லை. அப்பிடி நடுவிலை நிக்கிறவனுக்கு நான் எந்த மெட்டிலை மங்களம் பாடுறது?

– பாடாதேங்கோ. முடியாத கூத்துக்கு என்ன மங்களம்?

– கோயில் கமிற்றி என்னைத் தின்னும்.

– என்ரை பேரைச் சொல்லுங்கோ. வரட்டும், கதைக்கிறன்.

– உன்ரை வாய்க்கு அந்த ராசாவே பயந்திருப்பான். இந்தக் கிழவனுக்கு ஓவைன் வேசமும் வேறை தந்திட்டாய். உன்ரை மோன் ஜெறோம் இருந்திருந்தால் அவன்தான் கட்டியிருப்பான். என்ன குரல்!

– இருந்திருந்தால் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை.

– ...சரி, விடு. கடைசிக் காட்சியைச் சொல்லு.

– புது ராசா மன்னிப்புக் கடுதாசி அனுப்புறான். வந்து பணிஞ்சால் எல்லாத்தையும் மறக்கிறானாம். ஓவைன் மறுமொழியே குடுக்கேல்லை. எங்கடை கூத்திலை நீங்கள் அதைச் சபைக்கு முன்னாலை கிழிக்கிறியள். அதோடை திரை.

– கிழிக்கிறதுக்குப் பழைய பேப்பர் ஒண்டு சுருட்டி வைச்சிருக்கிறன்.

– அது வேண்டாம். இந்தாங்கோ, இதைப் பிடியுங்கோ.

– என்னடி, முத்திரை எல்லாம் குத்திக் கிடக்கு? இது அரசாங்கக் கடுதாசியெல்லே!

– ஓம். பதினேழு வருசத்துக்கு முந்தி ஆமி பிடிச்சுக்கொண்டு போன என்ரை பிள்ளை செத்துப்போனானெண்டு நான் கையெழுத்து வைக்கவேணுமாம். ஆர் கண்டது? நாளைக்குச் சனம் பாக்க, ஓவைனாய் நிண்டு கிழியுங்கோ.

– ...பொறு பிள்ளை. உதிலை கிடக்கிற என்ரை ஒப்பாரிக் கொப்பியையும் எடுத்துத் தா. ரெண்டையும் ஒண்டாய்ச் சேத்துக் கிழிக்கிறன்.