எல்லாம் ஒரே பெட்டியில்

மரப்பெட்டி அடிப்பவனுக்குப் பொறுமைதான் முதல் தகுதி, இன்ஸ்பெக்டர் ஐயா. கண்காட்சி முடிந்ததும் பொருள்களைப் பத்திரமாகப் பெட்டி கட்டி அனுப்புவது என் வேலை. என் கையால் போன ஒரு கண்ணாடியில்கூட இதுவரை கீறல் விழுந்ததில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். என் தங்கை புருஷன். எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இருந்தார் என்று சொல்ல மனம் வரவில்லை. கம்ப்யூட்டர், ஃபோன், டிவி மூன்றையும் ஒன்றாக்கிய ஒரு கருவியைக் கண்காட்சிதோறும் இயக்கிக் காட்டுவது அவர் தொழில். பகலெல்லாம் அரங்கில் சொன்னதையே ராத்திரி சாப்பாட்டு மேசையிலும் சொல்வார். கையில் மைக் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாதம் வீட்டிலிருந்த டிவி, ஃபோன், என் ரேடியோ எல்லாவற்றையும் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"இனிமே எல்லாம் ஒரே பெட்டியில மச்சான். எங்க இருந்தும் யாரையும் கூப்பிடலாம்."

அந்தக் கருவியோ அவரோடு கண்காட்சிக்குப் போய்விடும். நானும் தங்கையும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஆணி அடித்தேன். அழுகையே வந்துவிட்டது. ஆனால் கோபம் இல்லை. கோபம் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கண்காட்சி முடிந்தது. இந்த முறை பெட்டியைக் கொஞ்சம் தாராளமாகவே செய்திருந்தேன். கருவி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க மாப்பிள்ளை வழக்கம்போல உள்ளே இறங்கினார். என் வேலைமேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. மூடியைப் போட்டு ஆணி அடித்தேன். உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். எப்போதும் சொல்வதுதான் என்று விட்டுவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை. காற்றுக்கு ஓட்டைகளை முந்தின நாளே போட்டு வைத்தேன். தண்ணீர், பிஸ்கட், சாய்ந்துகொள்ளத் தெர்மோகோல் எல்லாம் இருக்கிறது. எது மேல்பக்கம் என்று அம்புக்குறிகூடப் போட்டிருக்கிறேன். லாரிக்காரர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். எந்த லாரி என்று எனக்குத் தெரியாது. ஏற்றிவிடுவதோடு என் பொறுப்பு முடிந்தது. அடுத்த வாரம், அடுத்த கண்காட்சியில் திறந்துவிடுவார்கள்.

தங்கைதான் பாவம். "அண்ணே, அவரு எங்கண்ணே?" என்று ஒரே அழுகை.

"எங்க இருந்தாலும் கூப்பிடுவாரும்மா" என்றேன். அவளும் என்னை நம்பி, பக்கத்து வீட்டு ஃபோன் அருகிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கருவி கூடவே இருந்தும் ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அதன் உள்சாமான்களை எல்லாம் கழற்றி எடுத்துவிட்டேன். பெட்டி கனத்தால், ஏற்றி இறக்குகிறவர்களுக்கு இடுப்பு போய்விடும், ஐயா. அதையும் நாம்தானே யோசிக்க வேண்டும்.