கிணற்றடி வைமண்ட்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சிய பியருக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு ஐயா. நீங்கள் இவ்வளவு தூரம் குதிரையில் வந்திருக்கிறீர்கள். ஒரு குவளை கொடுத்திருப்பேன். இப்போதைக்கு அது சரிப்படாது.

அந்தக் கிணற்றை வெட்டியவர் என் தாத்தா. எங்கள் ஹேசல்கோம்ப் ஊரில் தடுக்கி விழுந்தால் என்னைப் போல ஒரு வைமண்ட் மேல்தான் விழ வேண்டும். வரி கேட்டு வந்தவர்கள் யார் யாரென்று தெரியாமல் திண்டாடினார்கள். அதனால் குடியிருக்கும் இடத்தைப் பெயரோடு ஒட்டிவிட்டார்கள். ஊர்க்கோடியில் இருந்தவன் டவுன்செண்ட். சதுப்பு ஓரம் குடிசை போட்டவன் மார்ஷ். கிணற்றடியில் இருந்த என் தாத்தா அட்வெல். அப்பாவும் அட்வெல், அண்ணன் ஆஸ்பர்ட்டும் அட்வெல், நானும் அட்வெல். பெயர் ரத்தத்தில் வருவது என்று நினைத்திருந்தேன்.

ஹேமோ மார்ஷ் என் சிநேகிதன். சதுப்புக் காய்ச்சலில் அவன் நடுங்கிக் கிடந்தபோது முதுகில் சுமந்து வந்து எங்கள் அடுப்போரம் படுக்க வைத்தவன் நான். பட்டாணிக் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினேன். குணமான பிறகும் அவன் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. அண்ணன் இறந்த பிறகு ஏர் ஓட்ட இன்னொரு கை வேண்டியிருந்தது.

எங்கள் பிரபுவின் பண்ணை வழக்கப்படி, கணவன் போனால் வீடும் நிலமும் விதவைக்கு. அவள் மறுபடி கட்டிக்கொண்டால் வருகிறவனுக்கு. அண்ணன் மனைவி இடோனி ஹேமோவைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தெரிந்ததே தேவாலய வாசலில் அறிவித்தபோதுதான்.

“சொல்லணும்னுதான்டா இருந்தேன், வாய் வரல,” என்றான் ஹேமோ.

“ஒரு அடுப்புல ரெண்டு ஆம்பளைங்க வேணாம் வைமண்ட். சதுப்புல அவன் குடிசை சும்மாதானே கிடக்கு,” என்றாள் இடோனி.

போனேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் ஐயா. அறுவடைக்குப் பின் பண்ணை மன்றம் கூடியது. குடிகளின் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்த பிரபுவின் மேலாளர் “அட்வெல்!” என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். ஹேமோவும் எழுந்தான்.

“நீ உக்காருய்யா. கிணத்தடியில இருக்கறவன்தான் அட்வெல். நீ இப்ப மார்ஷ்,” என்றார் மேலாளர்.

கூட்டம் சிரித்தது. ஹேமோ சிரிக்கவில்லை. ஆனால் முன்னால் போய் நின்றான். அன்றிலிருந்து வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், “என்ன மார்ஷு, வீட்டுல தவளைங்க சௌக்கியமா?” என்பார்கள். கெட்ட மனதோடு சொன்னதில்லை. வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

வசந்தம் வந்ததும் கிணற்றை இறைத்துத் தூர் வாருவது வழக்கம். ஹேமோ என் குடிசைக்கு வந்தான்.

“கயிறு பிடிக்க நீ வாடா. மத்தவன் கையில உயிரக் குடுக்க பயமா இருக்கு. நீ பிடிச்சா கண்ண மூடிட்டு எறங்குவேன்.”

அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை.

இடோனி பியர் விற்கச் சந்தைக்குப் போயிருந்தாள். அவன் இறங்கிச் சேற்றை வாளி வாளியாக அள்ளி அனுப்பினான். அடிச்சேறு போனதும் ஊற்றுக்கண் திறந்துகொண்டது. நீர் அவன் இடுப்புக்கு வந்தது.

“போதும்டா மார்ஷு! தூக்கு!”

தூக்கினேன். அவன் இடுப்பில் கட்டிக்கொள்வதற்கு முன்பே, வெறும் கயிற்றை.

முதலில் சிரித்தான். பிறகு வைதான். பிறகு, “என்னடா வேணும் உனக்கு?” என்றான். நான் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவனுக்கே தெரிந்திருந்தது ஐயா, அதுதான் ஆச்சரியம்.

“அட்வெல்! வைமண்ட் அட்வெல்! நீதான்டா அட்வெல், கயித்தப் போடுடா!”

கிணறு எந்தக் குரலையும் பெரிதாக்கும். அண்ணன் போன பின் அப்படி முழுசாக என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கயிற்றைப் போடத்தான் எழுந்தேன். ஆனால் போட்டால் அவன் மேலே வந்துவிடுவான். வந்தால் மறுபடி மார்ஷு என்பான்.

“இன்னொரு தரம் சொல்லு,” என்றேன்.

சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். சுவரில் பாசி, ஏற முடியாது. குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள, பெயர் துண்டு துண்டாக வந்தது. நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த ரொட்டியைத் தின்றேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பிறகு சத்தம் நின்றது. பலகையை எடுத்துக் கிணற்றை மூடினேன்.

இடோனி திரும்பி வந்தபோது நான் அடுப்பு மூட்டியிருந்தேன்.

“ஹேமோ எங்க?”

“போயிட்டான். வீட்ட என்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டான்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஈரமாயிருந்த கயிற்றைப் பார்த்தாள். அலறிக்கொண்டே ஊருக்குள் ஓடினாள். பாவம், அவளுக்கு எப்போதும் அவசரம்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. அபகரித்தான் என்று மட்டும் எழுத வேண்டாம். நான் அவனிடமிருந்து எதையும் பறிக்கவில்லை ஐயா. பெயரை அவனே மனமுவந்து கொடுத்தான்.