ஒப்புதலுக்கு வந்த சொற்கள்

எந்த மென்பொருளையும் அதன் கையேட்டை முழுவதும் படிக்காமல் நான் நிறுவியதில்லை, அகல்யா. இதைப் பெரிய குணம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சிலர் இஸ்திரி போடாத சட்டையோடு வெளியே போகமாட்டார்கள், அது மாதிரிதான். மலாக்காவில், ஆயர் குரோவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஏதாவது கணினி நின்றுபோனால் மற்றவர்கள் அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். நான் கையேட்டைத் திறப்பேன்.

நீங்கள் சிரம்பானிலிருந்து காரோட்டி வந்து, பாயா ரும்புட்டில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தது, நம் இணைய அகராதியின் விக்கி மென்பொருளில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள. அதில் கோளாறு எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்குப் பேச வராது.

ஹெலுமி நான் உருவாக்கிய மொழி. உலகத்தில் யாருக்கும் அது தாய்மொழி இல்லை, எந்தக் கடையிலும் அதைப் பேசிச் சாமான் வாங்க முடியாது. ஆனால் அதில் விதிவிலக்கு என்று ஒன்று கிடையாது. தமிழில் உண்டு, மலாயில் உண்டு, ஆங்கிலத்தில் விதியைவிட விதிவிலக்குதான் அதிகம். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பொறுக்காது. கல்லூரியில் படிக்கும்போது இலக்கணத்தை எழுதி முடித்து இணையத்தில் போட்டேன். முதலில் கற்றுக்கொள்ள வந்தவள் லுத்ஃபியா. என் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தாள். பண்டார் மலாக்காவில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஹனிபா பாயின் மகள். அண்ணன் என்கிற மாதிரி 'நானா' போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். "ரஷீத் நானா, 'மறந்து போச்சு'ன்னு எப்படிச் சொல்றது?" என்று அவள் கேட்டால், ஒருநாள் எடுத்துக்கொண்டு யோசித்துச் சொல்வேன்.

அவளுடைய தம்பி முகம்மது அஷ்ரப். பிறந்ததிலிருந்து பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கும். கடையின் பின்கட்டில் உட்கார்ந்து மிளகும் சீரகமும் பொட்டலம் போடுவான், நிறுவை ஒரு கிராம் பிசகாது. எழுதக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். தமிழில் எழுதவில்லை, மலாயில் எழுதவில்லை. டாக்டர்கள் ஏதோ பெயர் சொன்னார்கள். வீட்டில் அவனை அவன் போக்கில் விட்டுவிட்டார்கள்.

ஒரு பெருநாளுக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நானும் லுத்ஃபியாவும் கூடத்தில் உட்கார்ந்து ஹெலுமியில் பேசிப் பழகிக்கொண்டிருந்தோம். அவள் மடிக்கணினி மேசைமேல் திறந்திருந்தது. அஷ்ரப் வந்தான், நின்றான், ஒரே விரலால் 'சுலே' என்று தட்டினான்.

"என்னம்மா எழுதியிருக்கான்?" என்று அவர்களுடைய உம்மா சகீனா கேட்டார்.

"தண்ணி கேக்குறான் உம்மா."

அவர் ஓடிப்போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். "இத்தன வருஷமா நாமளா பாத்துக் குடுப்போம். இன்னைக்குத்தான் புள்ள வாயத் தெறந்து கேட்டிருக்கு," என்றார். வாயைத் திறந்து என்றுதான் சொன்னார். நான் திருத்தவில்லை.

அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. என் மொழியில் விதிவிலக்கு இல்லாததால்தான் அவனால் உள்ளே வர முடிந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கதவை அமைத்தவன் நான். இதை யாரும் எங்கேயும் எழுதவில்லை.

அதன் பிறகு அவன் நம் விக்கிக்கு வந்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்ற அந்தப் பழைய விக்கியில் அகராதிப் பக்கத்துக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: சொல், பொருள், எடுத்துக்காட்டு. அஷ்ரப் அரட்டைக்கு வரமாட்டான், மின்னஞ்சல் எழுதமாட்டான். அந்த மூன்று கட்டங்களில் மட்டும்தான் எழுதுவான். லுத்ஃபியாதான் முதலில் கண்டுபிடித்தாள், அவன் எடுத்துக்காட்டு என்று போடுவதெல்லாம் அன்றன்று அவனுக்கு நடந்தது. 'பல்' என்ற சொல்லுக்குக் கீழே, 'இடப்பக்கப் பல் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.' மறுநாளே பல் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள், சொத்தை. 'நீலம்' என்பதற்குக் கீழே, 'நீலச் சட்டை கழுத்தில் குத்துகிறது.' அதிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அவள் விக்கியைத் திறந்து தம்பி என்ன எழுதியிருக்கிறான் என்று பார்ப்பாள், உம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். அந்த வீட்டில் அவன் பேசியது அப்படித்தான்.

அது நல்லதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அகராதி அதற்கான இடமா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.

அவன் சொற்களை உண்டாக்க ஆரம்பித்தான். ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றவுடன் வரும் அமைதிக்கு ஒரு சொல். இஸ்திரி போட்ட துணியை மார்போடு அணைத்தால் வரும் சூட்டுக்கு ஒரு சொல். அவற்றின் பன்மை என் விதிப்படி வராது. சிலவற்றுக்குப் பன்மையே கிடையாது என்று எழுதினான். நம் குழுவில் ஹெலுமி கற்கும் போலந்துக்காரர்களும் பிரேசில்காரர்களும் அதைக் கொண்டாடினார்கள், நீங்களும் கொண்டாடினீர்கள். அவனை ஏதோ பேராசிரியர் என்று நினைத்தீர்கள். நான் கட்டிய வீட்டில் வேறொருவர் சன்னல் வெட்டிக்கொண்டே போனார், எல்லாரும் தெருவில் நின்று கைதட்டினீர்கள். லுத்ஃபியா என்னைக் கூப்பிட்டுச் சொல் கேட்பதை நிறுத்தினாள். தேவைப்படவில்லை, தம்பி பக்கத்து அறையில் இருந்தான்.

பொறாமை என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஒழுங்கில் அக்கறை உள்ள எல்லாரையும் அந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

பழைய விக்கியை நடத்திய நிறுவனம் சேவையை மூடப் போவதாக அறிவித்தது. புதிய மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். மூன்றை எடுத்துக்கொண்டேன். முதலாவது, பெரிய கலைக்களஞ்சியங்கள் பயன்படுத்தும் வகை. எல்லாரும் எழுதலாம், எழுதியது உடனே எல்லார் கண்ணிலும் படும். இரண்டாவது, மிகச் சிறியது, பக்கங்களை வெறும் உரைக் கோப்புகளாக வைத்துக்கொள்ளும். மூன்றாவதில் யார் எழுதினாலும் அது முதலில் ஒரு வரிசையில் போய் நிற்கும். ஒப்புதல் கொடுப்பவர் படித்துப் பார்த்து ஏற்றால்தான் வெளியே தெரியும். ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டேன். வேகம், பாதுகாப்பு, எழுத்துருக்கள் எல்லாவற்றிலும் மூன்றாவதே மேல். அந்த அட்டவணையில் ஒரு பொய்யும் இல்லை. யார் எந்தச் சொல்லைச் சேர்த்தார் என்ற பழைய வரலாறு மூன்றாவதற்குள் வராது, எல்லாம் என் பெயரில்தான் பதியும் என்பதை மட்டும் அதில் போடவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் எல்லாரும் அதற்கே ஓட்டுப் போட்டீர்கள்.

சொற்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது விதிக்கு உட்பட்டவற்றை மட்டும் மாற்றினேன். அஷ்ரப்பின் சொற்களில் பெரும்பாலானவை அப்படி வெளியே நின்றன. ஒப்புதல் கொடுப்பவன் நான் ஒருவன்தான்.

லுத்ஃபியா கூப்பிட்டாள். கோபப்படவில்லை. "நானா, என்னையும் ஒப்புதல் குடுக்கிற ஆளாப் போடுங்களேன். அவன் எழுதுறத நான் பாக்கணும், அதுக்குத்தான்," என்றாள்.

"இப்பத்தான் மாத்திருக்கோம். கொஞ்சம் நிலைக்கட்டும் லா, அப்புறம் பாப்போம்," என்றேன்.

இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்தால் இரண்டு ஹெலுமி ஆகிவிடும். இது எளிய நிர்வாகம். நீங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறீர்கள், உங்களுக்குப் புரியும்.

அஷ்ரப் தொடர்ந்து அனுப்பினான். ஒவ்வொன்றையும் படித்தேன். ஆரம்பத்தில் காரணம் எழுதி நிராகரித்தேன், பிறகு காரணம் எழுதவில்லை. அனுப்பியவன் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வரும், அவ்வளவுதான். நிராகரித்தவை சில வாரங்களில் தாமாக அழிந்துவிடும், கையேட்டில் இருக்கிறது. ஆகவே நீங்கள் தேடினாலும் கிடைக்காது. நான் சொன்னால்தான் உண்டு.

அந்த வாரம் வந்த சொல் 'கெரப்'. பொருள்: வயிற்றின் வலப்பக்கம், கீழே, நடந்தால் கூடுகிற வலி. எடுத்துக்காட்டு: 'காலையிலிருந்து எனக்குக் கெரப்.'

ஹெலுமியில் வலிக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, நான் வைத்தது. ஒரு மொழிக்கு ஒரு வலி போதும். நிராகரித்தேன்.

மறுநாள் அதே சொல், அதே பொருள். எடுத்துக்காட்டு மட்டும் வேறு: 'நேற்றைவிடக் கெரப் பெரியது, சோறு உள்ளே போகவில்லை.' ஒருமுறை நிராகரித்ததைத் திரும்ப அனுப்பக்கூடாது என்பது விதி. நிராகரித்தேன்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் லுத்ஃபியா கூப்பிட்டாள். "நானா, அஷ்ரப் எதாச்சும் அனுப்பியிருக்கானா? சரியா சாப்பிட மாட்டேங்கறான், சுருண்டு படுத்திருக்கான். தொட்டா கைய தட்டி விடுறான். பேஜ்ல ஒண்ணும் காணோம்."

"ஒண்ணும் வரலயே."

"நல்லா பாத்தீங்களா நானா?"

"பாத்துட்டேன் லா. புது சிஸ்டம் பிடிக்கல போல, அதான் முறுக்கிக்கிட்டுக் கெடக்கான். ரெண்டு நாள் விடு, பழகிடுவான்."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டது போனில் கேட்டது. "சரி நானா. காஸ்ட்ரிக் மருந்து குடுத்துப் பாக்குறேன்," என்றாள்.

குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் மௌத்தாகிவிட்டான். ஜனாஸாத் தொழுகையில் இரண்டாவது வரிசையில் நின்றேன். கபரில் மூன்று பிடி மண் போட்டேன். ஹனிபா பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்த பாஷைலதான் எங்க புள்ள எங்ககிட்ட பேசுச்சு வாப்பா," என்றார். அது உண்மை. அதனால் தலையாட்டினேன்.

நான் டாக்டர் இல்லை. அவன் எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்திருக்கலாம். வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு குடும்பம் தன் பிள்ளையின் நோவை இணையத்தில் உள்ள அகராதியிலா படிக்க வேண்டும்? அதற்கு நான் பொறுப்பா? ஒழுங்கைக் காப்பதுதான் நீங்கள் எனக்குக் கொடுத்த வேலை. காத்தேன். திரும்பக் கொடுத்தாலும் அப்படித்தான் காப்பேன்.

இதை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனுடைய கணினியில் 'அனுப்பப்பட்டது' என்று இருந்ததை லுத்ஃபியா பார்த்துவிட்டுக் குழுவில் கேட்டாள், எங்கே போயின என்று. வரிசையில் விழாமல் மென்பொருள் தொலைத்திருக்கும் என்று நீங்கள்தான் முதலில் எழுதினீர்கள், அகல்யா. நான் அதைத் திருத்தவில்லை. நீங்கள் அதை உருவாக்கியவருக்கே எழுதிவிட்டீர்கள். எங்கோ ஐரோப்பாவில் இருக்கிற ஒரு மனிதர், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தனியாளாக அதைப் பராமரிக்கிறார். போன வாரம் அவர் எழுதிய பதிலை எல்லாருக்கும் காட்டினீர்கள். ஒரு இளைஞன் இறந்துபோனதற்குத் தன் நிரல் காரணமாகிவிட்டதே என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். தூக்கம் வரவில்லை என்றும், ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் எழுதியிருந்தார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குற்றமில்லாத நிரலுக்காக ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்கிறார். அதோடு நீங்கள் முதலாவது மென்பொருளுக்கு மாறலாம் என்று மறுபடி ஓட்டுக்கு விட்டிருக்கிறீர்கள். எல்லாரும் எழுதலாம், எல்லாம் உடனே தெரியும் என்ற அந்தக் குப்பைக்கு. அதற்குத்தான் இன்று உங்களைக் கூப்பிட்டேன்.

மென்பொருள் எதையும் தொலைக்கவில்லை. இரண்டு அல்ல, மூன்று பதிவுகள் வந்தன. மூன்றாவது, லுத்ஃபியா போனில் பேசிக்கொண்டிருந்தபோது என் திரையில் திறந்தே இருந்தது. சொல் என்ற கட்டம் காலி. பொருள் காலி. எடுத்துக்காட்டில் மட்டும் ஒரு வாக்கியம், என் இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லாமல்: 'ரஷீத் நானா, லுத்ஃபியாவிடம் சொல்லுங்கள்.'

அவன் எனக்கென்று எழுதியது அது ஒன்றுதான். "ஒண்ணும் வரலயே" என்று அவளிடம் சொல்லும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். சொல் இல்லாத பதிவை ஏற்க விதியில் இடமில்லை. நிராகரித்தேன்.

அந்த மனிதருக்கு இதை எழுதிவிடுங்கள், அவர் தூங்கட்டும். அவருடைய மென்பொருள் வந்ததை வந்தபடியே என் கண்முன் வைத்தது, நானும் படித்தேன். ஆகவே அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை.