ஜெபராஜின் செல்கள்

— நீங்க போன்ல ஏதோ கேக்கணும்னீங்களே ஃபயாஸ் தம்பி, அத அப்புறம் கேளுங்க. முதல்ல எங்க ஜெபராஜைப் பாக்கறேன். சரியா?

— மெட்டில்டா டீச்சர், அது சார் இல்ல. அதாவது, சாரோட கேன்சர் கட்டியிலேருந்து எடுத்த செல்லு. அவ்ளோதான்.

— எங்க வீட்டுக்காரர அடக்கம் பண்ணி எட்டு மாசம் ஆச்சு. செம்பாக்கத்துலேருந்து ரெண்டு பஸ் மாறி கேளம்பாக்கத்துல உங்க லேபுக்கு வந்திருக்கேன். காட்டுங்க.

— லைட்ட அணைக்கறேன். இருட்டுலதான் தெரியும். இப்ப ஸ்க்ரீனப் பாருங்க.

— அய்யோ ஆண்டவரே... பச்சையா... எரியுதே!

— அதாவது, உள்ள ஒரு மருந்து விட்டிருக்கோம். மோதிரம் மாதிரி ஒரு மூலக்கூறு. அதோட ஓட்டையில ஒரு சாயம் அடங்கி உக்காந்திருக்கும். செல்லுல சுரக்கற ஒரு பொருள் வந்து சாயத்த வெளிய தள்ளிட்டு, அந்த இடத்துல தான் உக்காந்துக்கும். வெளிய வந்த சாயம்தான் இப்படி எரியுது.

— எங்க பிள்ளைங்க ஆடற நாற்காலி விளையாட்டு மாதிரி.

— அதேதான்.

— அப்போ, உசுரோட இருக்கு.

— இருக்கு. வளருது.

— என்னங்க, நான்தாங்க வந்திருக்கேன்... தம்பி! பாருங்க, ஒண்ணு பளிச்சுன்னு ஆச்சு! நான் கூப்பிட்டதும்!

— அதுக்குக் காது கேக்காது டீச்சர்.

— இப்ப நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்குது. ஐயோ, ரெண்டா பிரியுது. அவருக்கு என்னைத் தெரியுது தம்பி.

— டீச்சர், அது சார் இல்ல.

— கட்டின்னுதானே சொல்றீங்க? அதுவும் அவர் உடம்புதானே?

— இல்ல. அதச் சொல்லத்தான் வரச் சொன்னேன். இதோட டிஎன்ஏவ சாரோட ரத்தத்தோட ஒத்துப் பாத்தோம். சேரல. இது ஒரு பொம்பளையோட செல்லு.

— சாம்பிள மாத்தி வச்சிருப்பீங்க. நல்லாப் பாருங்க.

— மூணு தடவ பாத்தாச்சு. மாறல. கட்டி இருந்தது, நாலு வருஷம் முன்னாடி சாருக்கு வச்சாங்களே, அந்த கிட்னியில. குடுத்தவங்க உடம்புலேருந்தே கூட வந்திருக்கு. அப்ப கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்திருக்கும். அவங்களுக்கு மிச்சம் இருக்கற கிட்னிய உடனே ஸ்கேன் எடுக்கணும் டீச்சர். எங்களுக்கு வந்த பேப்பர்ல அவங்க பேரு இல்ல. யாருன்னு சொல்லுங்க, இன்னைக்கே போன் பண்றேன். டீச்சர்? அழறீங்களா? யாரு குடுத்தாங்க?

— லைட்டப் போடுங்க தம்பி. நான்தான் குடுத்தேன்.