யார் பேரை எழுதறது?

செயலாளர்: இருங்க, இருங்க... ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா நான் எதை எழுதறது? குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர்னு பேருதான். எனக்கும் எழுதறதுக்கு ஒரு கைதானே இருக்கு?

கணவன்: நான் சொல்றதை எழுதுங்க சார். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காப்பாத்தினது இவ. அவ்வளவுதான். புள்ளி வெச்சிருங்க.

மனைவி: புள்ளி வெக்காதீங்க சார்! மூணாவது மாடியில, வெளிப்பக்கமா, கீழ்வீட்டு ஜன்னலுக்கு மேல இருக்கிற சன்ஷேடுல நடந்தது யாரு? நானா?

கணவன்: நாலடி சார். எங்க பால்கனிக்கும் அவங்க பால்கனிக்கும் நடுவுல வெறும் நாலடி.

மனைவி: நீளம் நாலடி. அகலம் எவ்வளவுன்னு கேளுங்க.

செயலாளர்: அகலம் எவ்வளவு தம்பி?

கணவன்: அது... ஒரு டைல்ஸ் அகலம் இருக்கும்.

மனைவி: தினமும் டைல்ஸ் ஒட்டறவர் சொல்றார், கேட்டுக்குங்க. எந்த டைல்ஸ்? தரைக்குப் போடறதா, குளியலறைச் சுவத்துக்கு ஒட்டறதா?

கணவன்: ...சுவத்துக்கு ஒட்டறது.

செயலாளர்: அடேயப்பா!

மனைவி: எழுதிக்கிட்டீங்களா சார்?

செயலாளர்: எழுதறேம்மா. ஆனா முதல்லேர்ந்து சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நான்தான் படிக்கணும். பாராட்டுப் பத்திரம் வேற அச்சடிக்கக் குடுத்தாச்சு. அதுல பேர் எழுத ஒரே ஒரு கோடுதான் விட்டிருக்காங்க. அதனால யார் பேருன்னு இன்னைக்கே தெரியணும்.

கணவன்: இவ பேர்.

மனைவி: இவர் பேர்.

செயலாளர்: போச்சுடா... சரி, காலையில பதினோரு மணி. அந்தம்மா குப்பையைக் கொட்ட வெளியே வந்தாங்க. அப்புறம்?

மனைவி: காத்துல கதவு அடிச்சுச் சாத்திக்கிச்சு. சாவி அவங்க கையில இருந்துது. ஆனா உள்ளே இருந்த குழந்தை கீழ்த் தாழ்ப்பாளைத் தள்ளிடுச்சு. தள்ளத் தெரிஞ்சுது, திரும்ப இழுக்கத் தெரியல. ரெண்டரை வயசு சார் அதுக்கு.

கணவன்: அடுப்புல பால்.

மனைவி: ஆமா, அடுப்புல பால். பக்கத்துலயே கைத்துணி. அந்தம்மா கதவைப் போட்டு இடிக்கறாங்க, உள்ளே அது வீல் வீல்னு கத்துது. தீயணைப்பு வண்டிக்குப் போன் பண்ணினா இருபது நிமிஷம் ஆகும்னாங்க.

செயலாளர்: நீங்க அப்போ வெளியே நின்னீங்களாம். செருப்பெல்லாம் போட்டுக்கிட்டுக் கிளம்பின மாதிரி இருந்தீங்கன்னு அந்தம்மா சொன்னாங்க.

மனைவி: அது... மாத்திரை வாங்கலாம்னு. தலைவலி சார். அதான் பல் லேபுக்கு லீவு.

செயலாளர்: தம்பியும் வேலை நாள்ல வீட்லயா?

கணவன்: டைல்ஸ் லாரி வரல சார். லாரி வராம நான் அங்க போய் வெறும் தரையவா பாத்துக்கிட்டு நிக்கறது?

செயலாளர்: நல்லதாப் போச்சு. உங்க கீழ்வீட்டுக்காரர்கூடச் சொன்னார், ஒரு வாரமா மேல பேச்சுச் சத்தமே கேக்கல, ரெண்டு பேரும் வெளியூர் போயிட்டாங்களோன்னு நினைச்சாராம்.

கணவன்: ...வேலை அதிகம் சார். வந்தா தூங்கிடறோம்.

மனைவி: ஆமா. தூங்கிடறோம்.

செயலாளர்: சரி, மேல சொல்லுங்க.

கணவன்: அந்தம்மா பாத்துச் சொன்னதை நான் சொல்றேன். ஊரே நின்னு அந்தக் கதவைத் தட்டுது சார். இவ வந்தா. அந்தம்மா கையைப் பிடிச்சு, "நீங்க தட்டாதீங்க, அது பயப்படுது"ன்னு சொன்னா. சொல்லிட்டு என்ன பண்ணினா தெரியுமா? தரையில படுத்தா. நல்ல துணி உடுத்தியிருந்தா, கிளம்... மாத்திரை வாங்கக் கிளம்பினவ. அப்படியே படுத்து, கதவுக்கு அடியில இருக்கிற இடுக்குல விரலை விட்டா.

செயலாளர்: விரலையா?

கணவன்: ஒரு விரல். சுண்டு விரல். அதுதான் நுழைஞ்சுது. விட்டுட்டு உள்ளே பாத்து மெதுவாப் பேசறா. "பாப்பா, என் விரலைப் பாரு. அதுக்குத் தூக்கம் வருது. ஆனா தனியாத் தூங்கப் பயம். நீ பக்கத்துல படுத்துத் தட்டிக் குடுக்கறியா?"

செயலாளர்: ஓ!

கணவன்: அழுகை நின்னுபோச்சு சார். சுவிட்சை அணைச்ச மாதிரி.

மனைவி: உடனே ஒண்ணும் நிக்கல. இவர் சும்மா ஏத்திச் சொல்றார். பால் பொங்கி அடுப்புல ஊத்துற சத்தம் கேட்டுச்சு. "பால் கூப்பிடுது, நான் போறேன்"னுது. "பால் கூப்பிடட்டும், விரல் முழிச்சுக்கும், போகாதே"ன்னு சொன்னேன்.

கணவன்: போகல. அதான் சார் விஷயம். ஒரு குழந்தையை ஒரே இடத்துல ஒரு நிமிஷம் உக்கார வெச்சுப் பாருங்களேன். இவ ஒரு விரலை வெச்சுக்கிட்டுப் பன்னெண்டு நிமிஷம் வெச்சிருந்தா. அந்த நகத்தைக் காட்டு சார்கிட்ட. காட்டுங்கறேன்ல.

மனைவி: அதெல்லாம் ஒண்ணுமில்ல.

கணவன்: கதவுத் தகடு கிழிச்சிருக்கு சார். ரத்தம். விரலை எடுத்தாளா? எடுக்கல. இது சாதாரணக் கை இல்ல, பல்லு செய்யற கை. பல் செட்டு இருக்கில்ல, அதுல ஒவ்வொரு பல்லையும் மெழுகுல அரிசி அரிசியாச் செதுக்கணும். அந்தக் கையைக் கதவுக்கு அடியில குடுத்துட்டுப் படுத்திருந்தா.

செயலாளர்: தெரியுமே! அதான் தம்பி போன வாரம் சொன்னாரேம்மா, முப்பது பேர் வேலை பாக்கற லேபுக்கு நீங்க தலைமை டெக்னீஷியன் ஆயிட்டீங்கன்னு.

மனைவி: யாரு? இவரா சொன்னார்?

செயலாளர்: இவரேதான். கீழே இஸ்திரிக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தார். நான் லிஃப்டுக்கு நின்னேனா, எனக்கும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். லிஃப்ட் வந்து, போய், மறுபடி வந்துது.

கணவன்: சார், பேச்சு எங்கயோ போகுது...

செயலாளர்: இவ செஞ்ச பல்லைப் போட்டா கெட்டி ஆப்பிளையே கடிக்கலாம்னார். எனக்கு மேல்வரிசை ஆடுதுன்னேன். "யார்கிட்டயும் போகாதீங்க, என் பொண்டாட்டி கையால போட்டுக்குங்க, ஆயுசுக்கும் கழட்டத் தோணாது"ன்னார்.

மனைவி: இவர்... இப்படிச் சொன்னாராக்கும்?

செயலாளர்: வாட்ச்மேனைக் கேளுங்க, தண்ணி கேன் போடறவரைக் கேளுங்க. இந்தக் கட்டடத்துல தெரியாத ஆள் யாரும்மா?

மனைவி: ஒரு ஆள் இருக்கு சார்.

கணவன்: சார், நீங்க எழுதுங்க. நேரமாகுது.

மனைவி: ஆமா எழுதுங்க. இப்ப இவர் செஞ்சதை நான் சொல்றேன். டைல்ஸ் பெட்டியை மாடிக்கு இழுக்கற கயிறு ஒண்ணு வெச்சிருக்கார். அதை இடுப்புல கட்டி, இன்னொரு நுனியை எங்க பால்கனிக் கம்பியில கட்டினார்.

கணவன்: முடிச்சைக் கட்டினது இவ.

மனைவி: இவர் கட்டின முடிச்சு பாக்கவே சகிக்கல. இடுப்புக் கட்டைப் பிரிச்சு நான் கட்டினேன், அவ்வளவுதான். கட்டிட்டுத்தான் கதவுப் பக்கம் ஓடினேன். அப்புறம் எங்க பால்கனிக்கு வந்து கயித்தை விட்டுக் குடுத்தது அந்தம்மா. சார், நான் கதவுகிட்டப் படுத்திருந்தேனா, இவர் நடக்கறதை நான் பாக்கல. அதை மட்டும் என்னால... சரி விடுங்க. அந்தம்மாதான் சொன்னாங்க. சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு, கட்டை விரலால தடவித் தடவி நடந்தாராம்.

கணவன்: பாசி பிடிச்சிருந்துது. தடவித்தானே ஆகணும்?

மனைவி: பாத்தீங்களா? இதை இதுவரைக்கும் சொல்லல. பாசி வேறயா?

கணவன்: கொஞ்சம்தான்.

செயலாளர்: பால்கனிக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்திருக்குமே?

மனைவி: போட்டிருந்துது. பக்கத்துல அந்தக் கண்ணாடிப் பட்டை ஜன்னல் இருக்கில்ல? வேற யாரா இருந்தாலும் ஒரே உதையில உடைச்சிருப்பாங்க. இவர், உடைஞ்சா சத்தத்துல குழந்தை எந்திரிச்சு ஓடிடும்னு, ஒவ்வொரு பட்டையா உருவியிருக்கார். அஞ்சு பட்டை. ஒண்ணுல ஒரு கீறல் இல்ல. உருவினதை எப்படி வெச்சிருந்தார் தெரியுமா?

செயலாளர்: நான் போய்ப் பாத்தேன். சுவத்துல சாய்ச்சு, வரிசையா...

மனைவி: நூல் பிடிச்ச மாதிரி! உயிர் போற நேரத்துலயும் இவருக்கு விளிம்பு நேரா இருக்கணும்.

கணவன்: பழக்கம் சார். கை அதுவாப் பண்ணுது.

மனைவி: உள்ளே புகுந்து பாத்தா, துணி பத்திக்கிட்டிருக்கு. அடுப்பை அணைச்சு, துணியைத் தொட்டியில போட்டுத் தண்ணியைத் திறந்து விட்டுட்டுத்தான் கதவுப் பக்கம் வந்தார். ஒரு நிமிஷம் தாமதமாகியிருந்தா மேல அலமாரி பத்தியிருக்கும். எழுதுங்க சார். ஒரு நிமிஷம்னு எழுதுங்க.

செயலாளர்: எழுதிட்டேன். குழந்தை?

கணவன்: அதைக் கேளுங்க! சமையலறை முழுக்கப் புகை. நான் இருமிக்கிட்டே ஓடி வர்றேன். அது தரையில குப்புறப் படுத்து, இவ விரலைத் தட்டிக்கிட்டிருக்கு. என்னை ஏறிட்டுப் பாத்து, "ஷ்... சத்தம் போடாதீங்க மாமா, அத்தை விரல் தூங்குது"ன்னுச்சு.

மனைவி: சார்? என்ன சார், கண்ணைத் துடைக்கறீங்க?

செயலாளர்: கண்ணாடி சரியில்லம்மா. ஆக, யார் பேரை எழுதறது?

கணவன்: இவ பேர்தான். இவ இல்லேன்னா குழந்தை அடுப்புகிட்டப் போயிருக்கும்.

மனைவி: இவர் பேர்தான். இவர் இல்லேன்னா நான் ராத்திரி வரைக்கும் படுத்திருந்தாலும் கதவு திறந்திருக்காது.

செயலாளர்: போதும்ப்பா, ஆளை விடுங்க! அந்த ஒரே கோட்டுல ரெண்டு பேரையும் நெருக்கி எழுதிடறேன். எழுத்து பொடிசாத்தான் வரும், பொறுத்துக்கணும். நான் வரேன். உங்களைப் பாத்தா எனக்கு... சரி, என்னத்தைச் சொல்ல. இப்படி ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்குடுக்காத ஜோடியை நான் பாத்ததே இல்ல. வரேம்மா. வரேன் தம்பி.

கணவன்: பாத்துப் போங்க சார்... போயிட்டார். கதவைச் சாத்தட்டுமா?

மனைவி: சாத்து. தாழ் போடாதே. இன்னைக்குத் தாழ்ப்பாளையே பாக்கப் பிடிக்கல.

கணவன்: கையைக் குடு. மருந்து போடறேன்.

மனைவி: ஸ்ஸ்... மெதுவா.

கணவன்: அவர் இருக்கற வரைக்கும் வாங்க போங்கன்னு என்ன மரியாதை! போனதும் சாத்து, போடாதே.

மனைவி: மரியாதை வேணும்னா அவரைத் திரும்பக் கூப்பிடு.

கணவன்: ஒன்பது நாள்... என்கிட்ட ஒரு வார்த்தை பேசல நீ.

மனைவி: நீ பேசினியா? அப்புறம், நான்தான் முதல்ல பேசினேன். காலையில.

கணவன்: எது? "முடிச்சு சரியில்ல, திரும்பு"ன்னியே, அதுவா?

மனைவி: அதேதான்.

கணவன்: சாகப் போறேனோ பொழைக்கப் போறேனோன்னு நிக்கறேன். ஒன்பது நாளைக்கு அப்புறம் பொண்டாட்டி வாயிலேர்ந்து வர்ற முதல் வார்த்தை, முடிச்சு சரியில்ல!

மனைவி: சரியில்லதானே?

கணவன்: ...சரியில்லதான்.

மனைவி: சரி, இதைச் சொல்லு. அன்னைக்கு ஓடி வந்து சொன்னேன், என்னைத் தலைமை டெக்னீஷியன் ஆக்கிட்டாங்கன்னு. படியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தாண்டி வந்தேன், உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு. நீ என்ன சொன்னே?

கணவன்: "சரி, சாப்பிடலாமா"ன்னேன்.

மனைவி: வாட்ச்மேனுக்கு ஒரு கதை, இஸ்திரிக்காரருக்கு ஒரு கதை, செயலாளருக்கு லிஃப்ட் ரெண்டு தடவை போய் வர்ற அளவுக்குக் கதை. எனக்கு மட்டும் சாப்பிடலாமாவா?

கணவன்: வேற என்ன சொல்லியிருந்தாலும் அழுதிருப்பேன்.

மனைவி: அழவேண்டியதுதானே!

கணவன்: வெக்கமா இருந்துது. மறுநாள் வாட்ச்மேன்கிட்ட சொல்லிப் பாத்தேன், குரல் உடைஞ்சுது. அடுத்த ஆள்கிட்ட கொஞ்சம் பரவால்ல. செயலாளர்கிட்ட சொல்லும்போது நல்லாவே வந்துது. உன்கிட்ட வர்றதுக்குள்ள நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே.

மனைவி: லூசு... லூசு. ஆமா, டைல்ஸ் லாரி வரலைன்னியே, நிஜமா?

கணவன்: உனக்குத் தலைவலி நிஜமா?

மனைவி: இல்ல. பெட்டி கட்டினேன், செயலாளர் கண்ணுல படாம அதைக் கட்டிலுக்குப் பின்னால தள்ளி வெச்சிருக்கேன். அக்கா வீட்டுக்குப் போறதாத்தான் வாசலுக்கு வந்தேன். அப்பதான் அந்தம்மா கத்தினாங்க.

கணவன்: தெரியும்.

மனைவி: என்ன தெரியும்?

கணவன்: நீ போறது தெரியும். நேத்தே உங்க அக்கா போன் பண்ணினாங்க. "நாளைக்குப் பதினோரு மணிக்கு அவ பெட்டியோட கிளம்பறா, நீ லீவு போட்டுட்டு வீட்ல இரு, வாசலை மறிச்சு நின்னு ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லு, அவ நின்னுடுவா"ன்னாங்க. காலையிலேர்ந்து சமையலறையில நின்னு அந்த வார்த்தையைத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன்.

மனைவி: என்ன வார்த்தை?

கணவன்: இப்பவா?

மனைவி: இப்பதான்.

கணவன்: உன்னை நினைச்சா எனக்கு... பெருமையா இருக்கு. ரொம்பப் பெருமையா இருக்கு. பாத்தியா, உடைஞ்சுபோச்சு குரல். அக்கா சொன்னதை நான் உன்கிட்ட சொன்னேன்னு காட்டிக்காதே. "அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது"ன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாங்க. ஏய்... அழறியா, சிரிக்கறியா?

மனைவி: உனக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொல்லுன்னு அக்காகிட்ட சொன்னதே நான்தான். அந்தச் சத்தியம் மட்டும் அவளாச் சேத்துக்கிட்டது.