முறிகண்டியில் இறங்காதவர்

வவுனியா பஸ் வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்றது. கற்பூரம் கொளுத்த எல்லாரும் இறங்கினார்கள். எனக்குக் கால் உளைவு, இறங்கவில்லை. முன் சீற்றில் என்னைப் போலவே இறங்காமல் ஒரு கணவனும் மனைவியும், அவள் மடியில் காய்ச்சலில் துவண்ட பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

“இஞ்சாருங்கோ, இனி நாங்களும் திருநீறு பூசலாம். மிஷன் பள்ளிக்கூடத்தைத்தான் அரசாங்கம் எடுத்திட்டுதே. உங்கட வாத்தியார் வேலை போகாது.”

“மெதுவாக் கதையும்.”

“உங்கட பாட்டா கிறிஸ்தவ வேதத்திலை சேர்ந்ததே வெள்ளைக்காரன்ர உத்தியோகத்துக்குத்தானே?”

“ஓம். பாதிரியார் சொன்னால்தான் துரை கந்தோரிலை வேலைக்கு எடுப்பாராம்.”

“உங்கட அப்பாவும் வேலைக்காகத்தான் சேர்ச்சுக்குப் போனவர். நீங்களும் அப்பிடித்தானே? இறங்குங்கோ.”

அவர் சன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

“நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தனான். இரவு பிள்ளைக்கு வலிப்பு வரேக்கை ‘யேசுவே’ எண்டெல்லோ கத்திப்போட்டன்.”

டிரைவர் ஹோன் அடித்தார். அவள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“மனசுக்குள்ளை நானும் யேசுவைத்தான் கூப்பிட்டனான். பிள்ளையாருக்குக் கேட்டிருக்கும், கோவிச்சிருப்பார். அதுதான் இறங்கச் சொல்லுறன்.”